ரத்தமும் விரதமும்: ஒரு வாம்பயர் படம் பற்றி மாயவரத்தில் கேட்ட கேள்விகள்

ஐப்பசி அடைமழையில் ஒரு சனிக்கிழமை இரவு, மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். அன்று முதல் கேள்விகள் ஓயவில்லை. பார்த்தவர்கள் கேட்கிறார்கள், பார்க்காதவர்கள் அதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எந்தப் படம்? கதை என்ன?

'கிஸ் ஆஃப் த டேம்ன்ட்'. ஸான் கேஸவெட்டிஸ் என்ற அமெரிக்கப் பெண் இயக்குநர் எழுதி இயக்கியது. 2012இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது.

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு பெரிய வீடு. அதில் ஜூனா என்ற அழகான பெண் தனியாக வசிக்கிறாள். பகலில் வெளியே வரமாட்டாள். ஒரு வீடியோ கடையில் பாவ்லோ என்ற திரைக்கதை எழுத்தாளனைச் சந்திக்கிறாள். பார்த்த கணத்திலேயே இருவருக்கும் மனம் போய்விடுகிறது. அவள் விலகி விலகிப் போகிறாள், அவன் விடாமல் வருகிறான். கடைசியில் தான் ஒரு வாம்பயர், அதாவது ரத்தம் குடித்துச் சாவில்லாமல் வாழ்கிறவள் என்ற உண்மையைச் சொல்கிறாள். அவன் நம்பவில்லை. அவனையும் தன் இனத்தில் சேர்த்துக்கொண்டு அவள் நிம்மதியாகக் குடித்தனம் தொடங்கும் நேரத்தில், தங்கை மிமி ஒரு வாரம் தங்கிப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்து சேர்கிறாள். ஜூனாவும் அவளைச் சேர்ந்தவர்களும் மனித ரத்தத்தைத் தொடாமல் வாழப் பழகியவர்கள். மிமிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது.

இதற்கு மேல் சொன்னால் படத்தைக் கெடுத்துவிடுவேன்.

நீங்கள் ஏன் இந்தப் படத்தின் மீது இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறீர்கள்?

அந்த வீடியோ கடைக்காக. என் அப்பா 1980களின் கடைசியில் இங்கே கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டால் நான் கடையில்தான் இருப்பேன். மழைக்காலம் வந்தால் கேசட்டுகளுக்கும் நோய் வரும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். அப்பா கேசட்டின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அங்குலம் அங்குலமாகத் துடைப்பார். வெளிநாட்டுப் பேய்ப் படங்கள் மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கும். செய்தித்தாள் சுற்றி, மேலே எண் மட்டும் எழுதியிருப்பார். எண் தெரிந்தவர்கள் வந்து எண்ணைச் சொல்லி வாங்கிப் போவார்கள்.

அந்தப் பெட்டியில் இருந்தவை எல்லாம் கேவலமான படங்கள் என்றுதான் வளர்ந்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவற்றில் சில, ஐரோப்பாவில் மிகுந்த ரசனையோடு எடுக்கப்பட்டவை என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அப்படிப்பட்ட படங்களை நேசித்த ஒருத்தி, அந்த நேசத்தை ஒளிக்காமல் எடுத்த படம் இது. காதலர்கள் சந்திக்கும் இடமாக அவர் வீடியோ கடையைத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இயக்குநர் கேஸவெட்டிஸ் என்றால், அந்தக் கேஸவெட்டிஸ் குடும்பமா?

ஆம். அமெரிக்கச் சுயாதீன சினிமாவின் முன்னோடி ஜான் கேஸவெட்டிஸ், நடிகை ஜீனா ரோலண்ட்ஸ் ஆகியோரின் மகள். இவருடைய முதல் கதைப்படம் இது. இதற்கு முன், 2004இல், லாஸ் ஏஞ்சலிஸில் இயங்கிய 'இஸட் சேனல்' என்ற கேபிள் தொலைக்காட்சியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். யாரும் சீண்டாத வெளிநாட்டுப் படங்களையும், வெட்டித் தள்ளப்பட்ட படங்களின் முழு வடிவங்களையும் தேடித் தேடி ஒளிபரப்பிய சேனல் அது. படங்களின் மீது பித்துப் பிடித்தவர்களின் உலகத்திலிருந்து வந்தவர் என்பதால்தான், பழைய படங்களின் சாயல் இவரிடம் திருட்டாகத் தெரியாமல் உரிமையாகத் தெரிகிறது.

எந்தப் பழைய படங்களின் சாயல்? நாங்கள் ஒன்றையும் பார்த்ததில்லையே.

பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் வேர் தெரிந்தால் சுவை கூடும்.

வேர் ஒரு நாவலில் இருக்கிறது. அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா', 1872. ஆஸ்திரியாவின் ஒரு தனித்த மாளிகையில் வாழும் லாரா என்ற பெண்ணின் வீட்டுக்கு விருந்தாளியாக வரும் கார்மில்லா, அவளிடம் அளவற்ற அன்பு காட்டுகிறாள். அந்த அன்பிலேயே லாரா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வருகிறாள். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தது 1897இல், அதாவது கால் நூற்றாண்டு கழித்து. உலகம் முழுக்க டிராகுலாவின் பெயர் பரவிவிட்டது. ஆனால் ஆசையையும் மரணத்தையும் ஒரே முகத்தில் வைத்த பெருமை கார்மில்லாவுக்குத்தான் முதலில் சேர வேண்டும்.

சினிமாவில் இது வெளிப்படையாக வந்தது பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் வழியாக. 1958இல் கிறிஸ்டோபர் லீயை வைத்து அவர்கள் எடுத்த டிராகுலா வண்ணப்படம். ரத்தம் உண்மையாகவே சிவப்பாக இருந்தது. 1970இல் கார்மில்லா கதையையே இன்கிரிட் பிட்டை வைத்து எடுத்தார்கள்.

எனக்கு உயிரானது 1971இல் பெல்ஜியத்தின் ஹாரி க்யூமெல் எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னெஸ்'. ஆஸ்டெண்ட் கடற்கரை, குளிர்காலம், ஆளே இல்லாத பெரிய ஹோட்டல். புதிதாக மணமான ஒரு தம்பதி தங்கியிருக்கிறார்கள். டெல்ஃபின் செரிக் நடித்த கோமாட்டி வந்து இறங்குகிறாள். வரவேற்பு மேஜையில் நிற்கும் கிழவர் அவளைப் பார்த்ததும் வெளிறிப்போகிறார். அவர் அந்த ஹோட்டலில் எடுபிடிப் பையனாக இருந்த காலத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு முன், இதே முகத்தோடு அவள் வந்து தங்கியிருக்கிறாள். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கத்தல் இல்லை, இசை அதிரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, என் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள் என்பதுபோல் சமாளித்துவிட்டு நகர்கிறாள். அந்தக் கிழவரின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. இந்தப் படத்தில் காட்சிகள் முடியும்போது திரை கறுப்பதற்குப் பதிலாகச் சிவக்கும்.

பிரான்சில் ஜான் ரோலின் என்றொருவர் இருந்தார். 1968 முதல் வாம்பயர் படங்களாக எடுத்துத் தள்ளினார். டியெப் நகரத்துக்கு அருகில் உள்ள ஒரு கூழாங்கல் கடற்கரை அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும். தரங்கம்பாடியில் மழைக்கால மாலையில், அலை தின்றது போக எஞ்சிய மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் தனியே நின்றவர்களுக்கு அந்தக் கடற்கரையின் மனநிலை உடனே பிடிபடும்.

பிறகு 1983, டோனி ஸ்காட்டின் 'த ஹங்கர்'. கேத்தரின் தெனுவ், டேவிட் போவி, சூசன் சரண்டன். இதில் கோரைப்பல் கிடையாது. கழுத்தில் தொங்கும் எகிப்தியப் பதக்கத்துக்குள் சிறிய கத்தி. மருத்துவமனையில் டாக்டருக்காகக் காத்திருக்கும் சில மணி நேரத்துக்குள் போவி கிழவராகிவிடுவார். பகட்டான நவீன வாம்பயர் என்று இன்று சொல்லப்படுவதற்கெல்லாம் அச்சு இந்தப் படம்தான்.

ஏன் எல்லாம் 1970ஐ ஒட்டியே வந்தன?

தணிக்கை தளர்ந்தது. பிரிட்டனில் வயது வந்தோருக்கான 'எக்ஸ்' சான்றிதழுக்கு அதுவரை 16 வயது. 1970இல் அதை 18 ஆக்கினார்கள். பார்ப்பவர்களின் வயது கூடியதும் காட்டக்கூடியவையும் கூடின. கூடவே தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டில் காட்ட முடியாததைக் காட்டினால்தான் தியேட்டருக்குக் கூட்டம் வரும் என்ற நிலை.

காட்டேரி என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது ஏன் 'வாம்பயர்' என்கிறீர்கள்?

ரத்தக் காட்டேரி என்று எழுதுவது வழக்கம்தான். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. காட்டேரியைக் குலதெய்வமாக வைத்துப் படையல் போடும் குடும்பங்கள் இருக்கின்றன. இங்கிருந்து கப்பலேறி கயானாவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் காட்டேரி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. ஒருவர் கைகூப்பும் பெயரை, ஒயின் கோப்பையோடு சோபாவில் சாய்ந்திருக்கும் சீமாட்டிக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

அழகியாக வந்து உயிர் குடிப்பது வெள்ளைக்காரன் கற்பனைதானே? நமக்கும் இதற்கும் என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

மாயவரத்தில் பஸ் ஏறினால் பூம்புகார் ஒரு மணி நேரப் பயணம். சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், அந்தப் புகாரில் நடந்ததாக ஒரு கதை வருகிறது. மாலதி என்பவள் மாற்றாளின் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. பழிக்கு அஞ்சியவள் பிணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறாள். கடைசியில் பாசண்டச் சாத்தன் கோயிலில் விழுந்து கிடக்கும்போது, அவள் முன் ஓர் இளம்பெண் வந்து நிற்கிறாள். தவம் செய்யாதவர்களுக்குத் தேவர்கள் வரம் தரமாட்டார்கள், பிணத்தை என்னிடம் கொடு என்று பறித்துக்கொண்டு, இருட்டில் சுடுகாட்டுக்குப் போகிறாள். அவள் யார் என்று அதன்பிறகே இளங்கோ சொல்கிறார்: 'இடுபிணம் தின்னும் இடாகினிப் பேய்'. வாங்கி மடியில் இட்டுக்கொண்டாளாம். தின்றாள் என்று சொல்வதைவிட, தாய்போல் மடியில் இட்டாள் என்பதில் எவ்வளவு நடுக்கம் இருக்கிறது! அழகான பெண் உருவம், நியாயமான பேச்சு, உள்ளே பசி. கார்மில்லாவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவள் நம் இடாகினி.

அடுத்தது காரைக்கால். அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டே ஒரு பெண்பேயின் உருவப்படம்: கொங்கை திரங்கி, நரம்பு எழுந்து, குண்டு கண், வெண்பல், குழி வயிறு, செம்பட்டை மயிர், 'இருபற்கள் நீண்டு'. அந்த நீண்ட இரு பற்களை முதன்முதலாகப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பேய் அலறும் ஆலங்காட்டைப் பற்றிச் சம்பந்தர் பாடும்போது, வஞ்சித்து வாணாளைக் கொண்ட ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். அவளைப் பழையனூர் நீலி என்பார்கள். மனைவிபோல் வேடமிட்டு, கரிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனை ஊரார் முன் நிறுத்திப் பழி தீர்த்தவள். காரைக்கால் அம்மையாரும் சீர்காழிச் சம்பந்தரும் டெல்டாவில் பிறந்து, தொலைவில் உள்ள அதே ஆலங்காட்டில் இரண்டு பேய்ப்பெண்களைப் பாடியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் போக முடியாது. அம்மையார் தன் தசையையும் அழகையும் உதறித் தள்ளிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் கூட்டத்தோடு நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேண்டுதலின் துணிச்சல்தான் நினைவுக்கு வரும். ஜூனாவின் நிலை இதற்கு நேர் எதிர். சூரியன் போயிற்று, பிள்ளை பெறும் வாழ்வு போயிற்று, சாவும் போயிற்று. அழகு மட்டும் போகவில்லை. உதற முடியாத அழகு எப்பேர்ப்பட்ட சுமை என்பதை ஜூனாவாக நடித்த ஜோசஃபின் த லா போம் தன் சோம்பலான நடையிலேயே காட்டிவிடுகிறார்.

ஆபாசப் படமா?

இல்லை. உடல் காட்டப்படுகிறது, ஒளிவு மறைவில்லை. ஆனால் காட்சி எதைச் சொல்ல வந்திருக்கிறது என்று பாருங்கள். ஓர் இடத்தைச் சொல்கிறேன். தான் யாரென்று பாவ்லோவுக்குக் காட்ட, தன்னைக் கட்டிலோடு சங்கிலியால் பிணைக்கச் சொல்கிறாள் ஜூனா. அவனே பிணைக்கிறான். அவன் நெருங்கியதும் அவள் கண்ணும் பல்லும் மாறுகின்றன. சங்கிலி இழுபடுகிறது. அவன் ஓடிவிடலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. ஓடவில்லை. பார்த்துக்கொண்டே நின்று, பிறகு தன் கையாலேயே சங்கிலியை அவிழ்க்கிறான்.

எங்கள் கூடத்தில் அந்த நேரத்தில் ஒருவரும் பேசவில்லை. ஓட்டிலிருந்து முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும். ஆசை என்பது தெரிந்தே அவிழ்ப்பது என்று சொல்ல, அந்த உடல்கள் அங்கே தேவைப்படுகின்றன. அட்டைப்பெட்டியில் கிடந்த பல படங்களில் இந்தத் தேவை இருக்காது, வேறுபாடு அதுதான்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

கூடாது. பெரியவர்களுக்கு மட்டுமான படம். பதின்வயதுப் பிள்ளைகளும் தூங்கிய பிறகு பாருங்கள்.

பயமாக இருக்குமா?

திடுக்கிட வைக்கும் இடங்கள் குறைவு. ரத்தம் உண்டு. மிமி வரும் காட்சிகளில் வயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருக்கும். ரொக்ஸான் மெஸ்கீடா அந்தப் பாத்திரத்தை அப்படிச் செய்திருக்கிறார்: எதையும் கெஞ்சாத, எதற்கும் வருந்தாத ஒரு பசி.

அந்த வீட்டில் ஏன் இவ்வளவு விதிகள்? ரத்தம் குடிப்பவர்களுக்கு ஆசாரம் என்ன?

என் அத்தை கேட்டது. படத்தின் மையத்தை அவர்தான் தொட்டார்.

அந்த வீட்டின் சொந்தக்காரி ஸெனியா. மேடை நடிகை, அவர்கள் கூட்டத்தில் எல்லோரும் மதிக்கும் பெரிய மனுஷி. அவளாக நடித்த அன்னா மூக்லாலிஸின் கனத்த குரலே பாதி அதிகாரம். மனித ரத்தத்தை விட்டுவிட்டு மிருக ரத்தத்தில் காலம் தள்ளுவதை அவள் ஒரு நாகரிகமாக்கி வைத்திருக்கிறாள். விருந்துக்கு வரும் வாம்பயர்கள் கோப்பையோடு நின்று, மனிதர்களைவிடத் தாங்கள் உயர்ந்தவர்களா என்று பேசிக்கொள்கிறார்கள்.

டெல்டாவில் பெரிய வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு. யார் எதுவரை வரலாம், யார் எப்போது சாப்பிடலாம், எந்தப் பாத்திரத்தை யார் தொடலாம். விரதம் இருப்பவர் விரதம் இல்லாதவரைப் பார்க்கும் ஒரு பார்வை உண்டு. ஸெனியா மிமியைப் பார்ப்பது அந்தப் பார்வை. ஆனால் எச்சில் ஊறுவது விரதக்காரருக்குத்தான் அதிகம். மிமிக்கு அது தெரியும். அவள் சண்டை போடவில்லை. ஸெனியாவை ரசிக்கும் ஓர் இளம்பெண்ணை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வைக்கிறாள், அவ்வளவுதான். பாயசத்தை முன்னால் வைத்துவிட்டு எழுந்து போவதுபோல.

ஏகாதசி அன்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, மறுநாள் பாரணைக்கு அகத்திக்கீரை வதங்கும் வாசனை வரும்போது உடம்பு எப்படி இருக்கும் என்று அறிந்தவர் என் அத்தை. அந்தக் காட்சியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாவம் அந்த அம்மா" என்றார். அவர் இரக்கப்பட்டது ஸெனியாவுக்கு.

சூரிய ஒளி பட்டால் எரிந்துபோவது ஸ்டோக்கர் நாவலில் இருக்கிறதா?

இல்லை. நாவலில் டிராகுலா லண்டனில் பகலிலேயே நடமாடுகிறான். பகலில் சக்தி குறையும், அவ்வளவே. வெயில் கொல்லும் என்ற விதி 1922இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படம் கொண்டுவந்தது. நாவலை அனுமதியின்றிப் படமாக்கியதற்காக ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு வென்றார். பிரதிகளை அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிய சில பிரதிகள் வழியாக அந்த வெயில் இன்றுவரை எல்லா வாம்பயர்களையும் எரித்துக்கொண்டிருக்கிறது.

வெறும் பகட்டு, கதை மெல்லியது என்று என் மகன் சொல்கிறான்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். பாவ்லோவின் பாத்திரம் வலுவில்லாதது. வாம்பயராக மாறிய பிறகு அவனுக்குள் என்ன நடக்கிறது என்பதில் படம் போதிய அக்கறை காட்டவில்லை. பாவ்லோவாக நடித்த மைலோ வென்டிமிக்லியா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்படி ஆகிவிடுகிறது. கடைசிப் பகுதியில் முடிச்சுகள் அவசரமாக அவிழ்கின்றன. உங்கள் மகன் சொல்வதில் அந்த அளவு உண்மை.

பகட்டு என்று தள்ளுவதை மட்டும் ஏற்கமாட்டேன். அந்தத் திரைச்சீலைகளும் விளக்குகளும் பட்டாடைகளும் இவர்களுக்குச் சோறு மாதிரி. சாவு இல்லாதவர்கள் நாட்களை எதைக் கொண்டு நிரப்புவார்கள்? பழைய படங்களில் மாளிகை இடிந்து ஒட்டடை படிந்து கிடக்கும். இங்கே ஒரு தூசி இல்லை. உள்ளே உள்ள மிருகத்தைத் துடைத்துத் துடைத்தே இவர்கள் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள்.

எப்படிப் பார்ப்பது நல்லது?

இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். ஆங்கிலம் எளிமையானது, சப்டைட்டில் போட்டுக்கொண்டால் போதும். ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள். ஸ்டீவன் ஹஃப்ஸ்டெட்டரின் இசை அந்தக் காலப் படங்களின் வாசனையோடு வருகிறது. கைப்பேசித் திரையில் பார்த்தால் இருட்டின் பல நிறங்கள் ஒரே கறுப்பாகிவிடும்.

அன்று பாதியில் மின்சாரம் போனதாமே, அதன்பிறகு என்ன ஆயிற்று?

மிமி வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் போயிற்று. இன்வெர்ட்டர் விளக்குக்கு மட்டும்தான். யாரும் எழுந்து போகவில்லை. அத்தை நீலி கதையைச் சொன்னார். அவருடைய பாட்டி சொன்னபடி, இடுப்பில் இருந்த கரிக்கட்டை "அப்பா" என்று கூப்பிடுகிற இடத்தைக் குரலை இறக்கிச் சொன்னார். நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. டிவியை உடனே போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அத்தை கதையை முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.